சென்னை – மதுரை: ஒன்றே கால் மணி நேர விமானமா, ஐந்தரை மணி நேர ரயிலா?

சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று விடை சொல்லலாம், மூன்றும் சரி. மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வான்வழி நேர்கோட்டில் ஏறத்தாழ 415 கி.மீ. கோயம்பேட்டிலிருந்து மாட்டுத்தாவணிக்குச் சாலையில் சுமார் 460. எழும்பூரிலிருந்து மதுரை சந்திப்புக்குத் தண்டவாளத்தில் 495-ஐ ஒட்டி. ரயில் பாதை சாலையைவிட நீளமாக இருப்பதற்குக் காரணம் திருச்சிக்குத் தெற்கே இருக்கிறது. நான்குவழிச் சாலை விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று குறுக்கே வெட்டிப் போகிறது. தண்டவாளமோ மணப்பாறை வழியாகத் திண்டுக்கல்லைத் தொட்டு, கொடைக்கானல் ரோடு, சோழவந்தான் என்று சுற்றிக்கொண்டு மதுரைக்குள் நுழைகிறது.

ஆனால் எதில் போவது என்ற முடிவுக்கு இந்த மூன்று எண்ணும் அவ்வளவாக உதவாது. சென்னையில் நீங்கள் இருப்பது பெரம்பூரா தாம்பரமா, மதுரையில் போகவேண்டியது மேலமாசி வீதிக்கா திருமங்கலத்துக்கா, டிக்கெட் எடுப்பது அறுபது நாள் முன்பா அன்று காலையா என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

விமானத்தின் ஒன்றே கால் மணி எப்படி வருகிறது

ஜெட் விமானம் மணிக்கு 830 கி.மீ. போகும், 415 கி.மீ.க்கு அரை மணிதானே ஆகவேண்டும் என்று தோன்றும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மதுரையில் போய் நிற்கும் வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். கிளம்பிய பிறகும் முழு வேகத்தில் பறக்கும் தூரம் மிகக் குறைவு. ஆயிரம் அடி இறங்க மூன்று நாட்டிக்கல் மைல் (ஏறத்தாழ ஐந்தரை கி.மீ.) வேண்டும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 28,000 அடியில் போகும் விமானம் மதுரைக்கு 155 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்கிவிடும். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே தூரம் போய்விடும். நடுவில் மிஞ்சுவது நூறு கிலோமீட்டர் சொச்சம், எட்டுப் பத்து நிமிடம். தண்ணீர் பாட்டிலை நீட்டி முடிப்பதற்குள் இருக்கையை நிமிர்த்தச் சொல்வது இதனால்தான்.

அதனால்தான் மணிக்கு 500 கி.மீ. மட்டுமே போகும், விசிறி வைத்த சிறிய ஏடிஆர் விமானத்துக்கும் ஜெட்டுக்கும் இந்தத் தடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அட்டவணையில் ஜெட்டுக்கு ஒரு மணி பத்து நிமிடம் போல இருந்தால், ஏடிஆருக்கு ஒரு மணி இருபது, இருபத்தைந்து இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஏடிஆரில் இருக்கை தேர்ந்தெடுப்பதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. பயணிகள் ஏறி இறங்கும் வாசல் பின்பக்கம். முன்பக்கக் கதவு சரக்குக்கானது. காசு கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தவர் கடைசியில் இறங்குவார். விசிறிகளும் முன்பாதியை ஒட்டிச் சுழல்வதால் அங்கே இரைச்சல் அதிகம். பின்வரிசையில் சத்தம் குறைவு, முதலில் இறங்கிவிடலாம். இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைதான், நடுவில் மாட்டிக்கொள்ளும் தொல்லை யாருக்கும் இல்லை. தலைக்கு மேல் உள்ள பெட்டி மட்டும் சிறியது. ஜெட்டில் தாராளமாக நுழையும் சக்கரப் பெட்டி இதில் நுழையாமல், படிக்கட்டு அருகே வாங்கி அடியில் போடுவார்கள். மடிக்கணினி, மருந்து, பவர் பேங்க் மூன்றையும் முதலிலேயே தனிப் பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் சரக்குப் பகுதிக்குப் போகவே கூடாது.

வாசலிலிருந்து வாசலுக்கு

இனி கடிகாரத்தை வீட்டுக் கதவைப் பூட்டும்போது தொடங்கிப் பார்ப்போம்.

பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து நீலத் தட மெட்ரோவில் விமான நிலையம்: ஒன்றே கால் மணி. தாமதத்துக்குக் கால் மணி ஒதுக்கல். பெட்டி போடும் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால் ஒன்றரை மணி முன்னதாகப் போயாக வேண்டும். விமானம் ஒரு மணி இருபது. பெட்டி வந்து வெளியே வர இருபது நிமிடம். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே பெருங்குடி பக்கம், மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து பன்னிரண்டு கி.மீ. அளவில் இருக்கிறது. நகருக்குள் வர நாற்பது நிமிடம். கூட்டினால் ஐந்து மணி இருபது நிமிடம்.

அதே பெரம்பூர் ஆள் வந்தே பாரத்தில் போனால் எழும்பூருக்கு அரை மணி, நடைமேடையில் இருபது நிமிடம், ரயிலில் ஐந்தரை மணி சொச்சம், மதுரை சந்திப்பிலிருந்து கோயில் வட்டாரத்துக்குக் கால் மணி. மொத்தம் ஆறே முக்கால் மணிக்குள். விமானத்தில் மிச்சமாவது ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம்.

தாம்பரத்துக்காரருக்கு இரண்டு எண்ணுமே சுருங்கும். நான்காவது ஸ்டேஷன் திரிசூலம், அதன் எதிரே விமான நிலையம். நாலே கால் மணி நேரத்தில் மதுரைக்குள் இருப்பார். ரயில் என்றாலும் வந்தே பாரத், தேஜஸ், வைகை, பாண்டியன் எல்லாமே தாம்பரத்தில் நிற்கின்றன, எழும்பூர் போகத் தேவையில்லை. ஆறு மணிக்குள் முடிந்துவிடும். மிச்சம் ஒன்றே முக்கால் மணி.

மதுரை முனையையும் மறக்கக் கூடாது. திருமங்கலம், அருப்புக்கோட்டை, விருதுநகர் பக்கம் போகிறவருக்கு விமான நிலையம் தெற்கே இருப்பது லாபம், ஊருக்குள் நுழையாமலே போகலாம். மேலூர்க்காரருக்கு விமானமும் ரயிலும் ஊரைத் தாண்டி இறக்கிவிட்டுத் திரும்ப வரச் சொல்லும். பேருந்துதான் அவர் வாசலில் நிற்கும்.

இந்த ஒன்றரை மணிக்கு விலை என்ன? வந்தே பாரத் சேர் காரில் ஆயிரத்து இருநூறிலிருந்து ஆயிரத்து நானூறு ரூபாய்க்குள். விமானம் முன்கூட்டி எடுத்தால் மூவாயிரத்தை ஒட்டிக் கிடைக்கலாம், கடைசி நேரத்தில் ஆறாயிரம், பண்டிகைக்கு அதற்கும் மேல். இரு முனையிலும் டாக்சி எடுத்தால் இன்னும் ஆயிரம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஒன்றரை மணி பத்தாயிரம் ரூபாய் வரை போய்விடும். இன்னொன்றும் உண்டு. ரயிலில் கிடைப்பது யாரும் எழுப்பாத ஐந்து மணி நேரம். படிக்கலாம், வேலை பார்க்கலாம், தூங்கலாம். விமானப் பயணத்தில் நேரம் இருபது நிமிடம், நாற்பது நிமிடம் எனத் துண்டு துண்டாகப் போகும்.

பகல் ரயில்களில் எது

வந்தே பாரத் இரண்டு உண்டு. 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய திருநெல்வேலி வண்டி எழும்பூரில் பிற்பகல் கிளம்பி இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மதுரை சேரும். 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய நாகர்கோவில் வண்டி அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி பத்தரை மணியை ஒட்டி மதுரை வரும். இரண்டும் வாரத்தில் ஒரு நாள் ஓடாது. அந்த நாள் இடையில் மாற்றப்பட்டிருக்கிறது, நிமிடக் கணக்குகளும் மாறும். பழைய வாட்ஸப் அட்டவணையை நம்பாமல் முன்பதிவுத் தளத்தில் பாருங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்புவதற்கு நாகர்கோவில் வண்டி போல வேறு கிடையாது. காலையில் இறங்கி, மாலை ஆறு மணியளவில் மதுரைக்குத் திரும்பி வரும் அதே வண்டியைப் பிடித்தால் நடுவில் ஏழு மணி நேரம் கையில் இருக்கும். ஒரு நிச்சயதார்த்தத்துக்கோ பத்திரப் பதிவுக்கோ தாராளம். இடறுவது போகும்போதும் திரும்பும்போதும் சென்னை மெட்ரோதான். காலை ஐந்து மணி வண்டிக்கு மெட்ரோ உதவாது. திரும்பும்போது எழும்பூர் சேரும் நேரம் இரவு பதினொன்றை ஒட்டி, அப்போது கடைசி மெட்ரோ போயிருக்கக் கூடும். தென்சென்னைக்காரர்கள் தாம்பரத்திலேயே இறங்கிவிடுவது உத்தமம்.

சேர் காரில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கை. சாய்மானம் கொஞ்சம்தான் சாயும். முதுகுவலி உள்ளவர்களுக்கு ஐந்தரை மணி நேரம் அதில் உட்காருவது சோதனை. எக்சிகியூட்டிவில் இரண்டுக்கு இரண்டு, கட்டணம் ஏறத்தாழ இரு மடங்கு. அந்தக் காசுக்கு விமானத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

தேஜஸ் 2019 மார்ச் முதல் ஓடுகிறது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி நண்பகல் தாண்டிக் கால் மணியில் சேரும். வந்தே பாரத்தில் இடம் தீர்ந்த நாளில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வைகை இன்னும் ஒரு மணி நேரம் போலக் கூடுதலாக எடுக்கும். ஆனால் இரண்டாம் வகுப்பு இருக்கை இருநூறு ரூபாயை ஒட்டித்தான். மீட்டர் கேஜ் காலத்தில், 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கிய வண்டி அது. அன்று ஏழு மணி சொச்சத்தில் மதுரை போய்ச் சேர்ந்தது, அகலப் பாதையும் மின்சாரமும் வந்தபின் இன்றும் கிட்டத்தட்ட அதே ஏழு மணி சொச்சம்தான். நிறுத்தங்கள் கூடியதில் வேகம் கரைந்துவிட்டது.

இரவு வண்டியின் கணக்கு வேறு

பாண்டியன் எக்ஸ்பிரஸ் எட்டு மணி நேரம் எடுக்கிறது. ஆனால் எப்படியும் தூங்கப்போகிற எட்டு மணி அது. பகல் ஒன்றுகூடச் செலவாகவில்லை, லாட்ஜ் வாடகையும் மிச்சம். ஸ்லீப்பரில் முந்நூற்றுச் சொச்சம், மூன்றடுக்கு ஏசியில் எண்ணூறு சொச்சம். தூக்கம் கெடாதவருக்கு இந்தத் தடத்தில் இதைவிட மலிவான, நேரத்தை மிச்சப்படுத்துகிற வழி இல்லை என்பது என் கருத்து. விமானத்தில் போகிறவர் அரைநாளை இழக்கிறார், இவர் எதையும் இழக்கவில்லை.

பாண்டியனில் இடம் இல்லையென்று நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி வண்டிகளில் எடுக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பாண்டியன் மதுரையோடு முடிந்துவிடும், அசந்து தூங்கினாலும் யாராவது எழுப்பிவிடுவார்கள். மற்றவை விடியுமுன்பே மதுரையைத் தொட்டுவிட்டுக் கிளம்பிவிடும். அலாரம் வைக்காதவர் விருதுநகரில் விழிப்பார்.

முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் அறுபது நாள் முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. பொங்கல், தீபாவளி நாட்களுக்குப் பாண்டியனில் எட்டேகாலுக்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். தட்கல் பயணத்துக்கு முந்திய நாள், ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. இப்போது ஆதார் இணைக்காத கணக்கில் இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது, காலை ஒன்பதே முக்காலுக்கு அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுதும் வெயிட்டிங்கிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். அதைக் காட்டிப் பெட்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான்.

எழும்பூர் நிலையத்தின் மறுசீரமைப்பு வேலையால் சில வண்டிகள் அவ்வப்போது தாம்பரத்திலிருந்து புறப்படுகின்றன. வரும் குறுஞ்செய்தியைப் படிக்காமல் எழும்பூரில் போய் நின்றால், வண்டி இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பிக்கொண்டிருக்கும்.

சாலை

நால்வர் சேர்ந்து சொந்தக் காரில் போனால் தலைக்குக் கணக்கு எல்லாவற்றையும் தோற்கடிக்கும். 460 கி.மீ.க்கு லிட்டருக்குப் பதினைந்து என்றால் முப்பத்தொரு லிட்டர், மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். வழியில் எட்டுச் சுங்கச்சாவடிகள்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி. ஆத்தூர் என்றதும் சேலத்து ஆத்தூரை நினைக்க வேண்டாம், இது திண்டிவனத்துக்கு முன்னால் வருவது. ஒருவழிக்கு அறுநூறு, எழுநூறு ரூபாய் போகும்.

2025 ஆகஸ்ட் 15 அன்று மூவாயிரம் ரூபாய் விலையில் அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இந்தத் தடத்துக்குப் பொருத்தமானது. இருநூறு முறை கடக்கலாம், அந்த அறிமுக விலையில் ஒரு சாவடிக்குப் பதினைந்து ரூபாய். எட்டுச் சாவடிக்கு 120. போய்வர பதினாறு கடப்பு என்றால் ஓராண்டில் பன்னிரண்டு முறை மதுரை போய்வந்துவிடலாம். மூன்றாவது முறையிலேயே போட்ட காசு திரும்பிவிடும். சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு மட்டுமே இது, மஞ்சள் பலகை வண்டிக்குக் கிடையாது.

ஓட்டும் நேரம் சாதாரண நாளில் ஏழரையிலிருந்து எட்டு மணி. அதில் கெடுவது பெரும்பாலும் முதல் ஐம்பது கிலோமீட்டர்தான். பெருங்களத்தூர், வண்டலூர், பரனூர் மூன்றையும் வெள்ளிக்கிழமை மாலை தாண்டுவதற்குள் இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். அதே சாலையில் சனிக்கிழமை அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் காலைச் சாப்பாடு விழுப்புரத்தைத் தாண்டி.

பேருந்துக்கு ஏறுமிடமே பிரச்சினை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வடசென்னையிலிருந்து அங்கே போகவே ஒன்றரை மணி ஆகும். ஆம்னி பேருந்தில் ஏறுமிடம் கிளாம்பாக்கமா, போரூரா, வேறெங்கா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள், கிளம்பும் நேரமாகப் போட்டிருப்பது எந்த நிறுத்தத்துக்கானது என்பதையும். படுக்கை வசதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு ஒன்பது மணி நேரத்தில் கழிவறைக்கு ஒன்று, இரண்டு நிறுத்தம்தான். சர்க்கரை நோயாளிகளையும் வயதானவர்களையும் இதில் அனுப்பாமல் ரயில் கீழ்ப்படுக்கைக்கு முயலுங்கள்.

விமானம் உண்மையிலேயே சரியாக வரும் இடங்கள்

முதலாவது, சென்னையில் வெளிநாட்டு விமானம் மாறுகிறவர்கள். ஆனால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்து, மதுரை விமானம் தாமதமாகி, துபாய் விமானத்தை விட்டால் இரு நிறுவனமும் கைவிரித்துவிடும். தனித்தனி டிக்கெட் தவிர வழியில்லை என்றால் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். உள்நாட்டு முனையத்தில் பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடி முதலிலிருந்து வரிசை.

இரண்டாவது, சாவுச் செய்தி. காலை பதினொரு மணிக்கு போன் வருகிறது, மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். தட்கல் முடிந்துவிட்டது. அப்போது விமானத்தையும் வந்தே பாரத்தின் கரண்ட் புக்கிங்கையும் ஒரே நேரத்தில் இருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சார்ட் போட்ட பிறகு மிஞ்சும் இடங்கள் அதில் விற்கும். ஆனால் பிற்பகல் வண்டி இரவில்தான் சேர்க்கும் என்பதால் முகம் பார்க்க வேண்டுமென்றால் விமானம்தான், விலை பார்ப்பதற்கில்லை.

மூன்றாவது, தென்சென்னையிலிருந்து மதுரையின் தெற்குப் பக்கம் போகிறவர், கைப்பை மட்டும் வைத்திருப்பவர். அவருக்கு மட்டும் மிச்சமாகும் நேரம் இரண்டரை மணியைத் தொடும்.

எடுப்பதென்றால் காலை விமானமாக எடுங்கள். இந்தச் சிறு தடங்களில் ஒரே விமானம் நாள் முழுதும் ஊர் ஊராகப் போய்த் திரும்புகிறது. காலையில் எங்கோ விழுந்த இருபது நிமிடத் தாமதம் மாலைக்குள் ஒரு மணியாக வளர்ந்திருக்கும். மழைக்காலத்துப் பிற்பகல் இடி மேகங்களும் மாலை விமானங்களைத்தான் பிடிக்கும். இதற்கு ஒரே விதிவிலக்கு போகிப் பண்டிகை. அன்று விடியற்காலையில் சென்னை எரிக்கும் பாயும் டயரும் பனியோடு கலந்து ஓடுபாதையை மறைத்து, காலை விமானங்களைத் தாமதமாக்கியும் வேறு ஊருக்குத் திருப்பியும் விட்டிருக்கிறது. பொங்கலுக்கு மதுரை போகிறவர் போகியன்று காலை விமானத்தை மட்டும் தவிர்க்க வேண்டும்.

திரும்பும்போது மதுரையிலிருந்து கட்டிக்கொடுத்து அனுப்புவதிலும் கவனம் தேவை. மல்லிகைப்பூவுக்குத் தடை இல்லை. ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் எல்லாம் கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், நன்றாக அடைத்துச் சரக்குப் பெட்டியில் போட வேண்டும், அதற்கும் பதினைந்து கிலோ வரம்பு. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அரிசி மூட்டையும் முறுக்கு டின்னும் இரண்டு பை காய்கறியும் வருவது உறுதி என்றால் வரும்போது பாண்டியனில் கீழ்ப்படுக்கை போட்டுவிடுங்கள்.